கரி வளையத்தில் கிரீஸ்

அந்தப் பட்டறையில் பழைய கார்களின் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவது மெக்கானிக்கின் மனைவிதான். கல்யாணமான இரண்டாம் வருடம் அவருக்கு முதுகு பிசகியது. அன்றிலிருந்து காருக்கடியில் படுப்பது அவள். வாசலில் நின்று பேசுவது அவர். வருகிறவர்கள் தரையில் நீட்டிக்கொண்டிருக்கும் அவள் கால்களைத் தாண்டிப் போய் அவரிடம் குறை சொல்வார்கள். அதையெல்லாம் அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

கிளட்சை மிதித்தால் ஒரு வளையம் முன்னே நகர்ந்து, சுழலும் தட்டை அழுத்தி, இன்ஜினையும் கியரையும் பிரித்துவிடும். அதுதான் ரிலீஸ் பேரிங். பழைய கார்கள் சிலவற்றில் அது உள்ளே இரும்புக் குண்டுகள் உருளும் பேரிங். அவ்வப்போது நாலு சொட்டு எண்ணெய் கேட்கும். சிலவற்றில் வெறும் கரி வளையம். அதற்கு எண்ணெய்ப் பசையே ஆகாது. எந்தக் காருக்கு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் காரில் இருந்தது கரி வளையம். அவள் சரிபார்த்து அனுப்பிய மூன்றாம் வாரம், பழைய கார்களின் ஊர்வலத்தில், பாலத்து ஏற்றத்தில் அது நின்றுவிட்டது. இன்ஜின் கத்தியதே தவிர கார் நகரவில்லை. மறுநாள் ஊர்வலத்தை நடத்திய பழைய கார் சங்கத்தின் செயலாளர் பட்டறைக்கே வந்தார். பேரிங்குக்குக் கிரீஸ் வைக்காமல் காயப்போட்டுவிட்டதாக, நாலு வாடிக்கையாளர்கள் எதிரிலேயே சத்தம் போட்டார்.

"தப்பு நடந்துபோச்சு சார், மன்னிச்சிடுங்க" என்றார் கணவர்.

செயலாளர் போகும்வரை அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"செய்யாத தப்புக்கு எதுக்குங்க மன்னிப்பு கேட்டீங்க?"

"வர்றவங்ககிட்ட வாயாடினா பொழப்பு நடக்குமா? விடு."

"மன்னிப்பு உங்க வாயிலேர்ந்து வந்துச்சு. கெட்டுப்போனது என் கைவேலையோட பேரு."

இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. சாப்பாட்டுத் தட்டு மட்டும் நங்கென்று மேசையில் வந்து விழுந்தது. மூன்றாம் நாள் அவளே நீதிபதிக்குப் போன் செய்தாள். காரைக் கட்டி இழுத்து வரச் சொன்னாள். பிரிக்கும்போது அவரும் செயலாளரும் கூட நிற்கவேண்டும் என்றாள்.

வந்தார்கள். செயலாளர் இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அவர் பக்கம் ஒரு நாற்காலியைத் தள்ளிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள். கியர்பாக்ஸ் இறங்கியதும் எல்லாம் தெரிந்தது. கரி வளையத்தின் மேல் மஞ்சள் கிரீஸ் அப்பிக் கிடந்தது. அங்கிருந்து தெறித்துக் கிளட்ச் தட்டு முழுக்க ஊறியிருந்தது. வழுக்காமல் என்ன செய்யும்? வெள்ளைத் துணியால் ஒரு துடை துடைத்து நீதிபதியிடம் நீட்டினாள்.

"எங்க பட்டறையில மஞ்சள் கிரீஸே கிடையாதுங்க ஐயா. எங்க வேணா தேடிப் பாருங்க."

நீதிபதி தன் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தயங்கி, இதைப் பார்த்துத்தான் வைத்தேன் என்று சங்கம் அச்சடித்துக் கொடுத்த கையேட்டைக் காரிலிருந்து எடுத்துவந்தார். எல்லாப் பழைய கார்களுக்கும் மாதம் ஒருமுறை ரிலீஸ் பேரிங்கில் தாராளமாகக் கிரீஸ் வைக்கவும் என்றிருந்தது. எழுதியவர் செயலாளர். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தபடி, அடுத்த பதிப்பில் திருத்திவிடலாம், சின்ன விஷயத்துக்கு இவ்வளவு கோபம் எதற்கு என்றார்.

"அன்னைக்கு இதே வாசல்ல நாலு பேரைக் கூட்டிவச்சுப் பேசினப்போ பெரிய விஷயமா இருந்துச்சே. இன்னைக்கு மட்டும் எப்படிச் சின்னதாச்சு?"

நீதிபதி அவளைப் பார்த்துத்தான் மன்னிப்புக் கேட்டார். புதுத் தட்டை அவளே மாட்டவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். அவர்கள் போனபின் கணவர் தலையைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"இனிமே யார்கிட்டயாவது மன்னிப்பு கேக்குறதுன்னா, மொதல்ல என்னைக் கேளுங்க" என்றாள்.

அடுத்த ஞாயிறு இருவருமாகச் சங்கத்துக்குப் போனார்கள். மீதியிருந்த அறுபது கையேடுகளையும் கணவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுக்க, அவள் அந்த ஒரு வரியைப் பேனாவால் அடித்துத் தள்ளினாள், தாள் கிழிகிற அழுத்தத்தில். செயலாளர் அன்று வரவில்லை. இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவும் இல்லை. அவர் பேச்சை எடுத்தால் இப்போதும் அவளுக்குக் காது சிவந்துவிடும்.