ஆட்டுக்கறியான பலாக்காய்

அந்த வருஷத்து ஆனி மழையில் நான் தின்ற பலாக்காயை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வருகிறது. கேகாலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்றால், லயத்து வரிசை வீடுகளில் ஒற்றை அறைக் காம்பரா ஒன்றில் நாங்கள் குடியிருந்தோம், அப்பாவும் அம்மாவும் பால் வெட்டினார்கள், அவ்வளவுதான். விடியற்காலையில் மழை பெய்தால் மரம் நனைந்துவிடும். பால் வெட்ட முடியாது. அன்றைக்கு வேலைப் பதிவில் பேர் விழாது, பேர் விழாவிட்டால் சம்பளமும் இல்லை. வயிறு மட்டும் வெயில் நாளைப் போலவே மழை நாளிலும் நேரம் தவறாமல் பசித்தது.

சமையல் முழுக்க அக்காவின் ஆட்சி. அம்மா விடியுமுன்னே பால் வெட்டும் மலைக்குப் போய்விடுவதால், அக்கா பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து அடுப்படி அவள் கைக்கு வந்துவிட்டது. அவளுக்கு அப்போது பத்தொன்பது வயது, எனக்குப் பதினொன்று. ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் சந்தைச் சாமான்களை முன்னால் பரப்பி வைத்துக்கொண்டு உட்காருவாள். அடுத்த ஞாயிறு வரைக்கும் என்றைக்கு என்ன சமையல் என்று அங்கேயே முடிவாகிவிடும். அதற்குப் பிறகு தோட்டத்துத் துரையே வந்து கெஞ்சினாலும் மாற்றமாட்டாள். அரிசியை ஒரு பழைய பால் டின்னால் அளப்பாள். டின்னைத் தட்டி, மேலே நிற்கும் அரிசியை விரலால் வழித்துத் திரும்பச் சாக்கில் போடுவாள். தேங்காயில் பாதியைத் துருவிவிட்டு மீதிப் பாதிக்கு உப்புத் தடவிக் கவிழ்த்து வைப்பாள். நெத்தலிக் கருவாடு புதன்கிழமைக்கு என்றால் புதன்கிழமைக்குத்தான். செவ்வாய்க்கிழமை அந்தப் பொட்டலத்தை நான் மோந்து பார்த்ததற்குக்கூட அடி வாங்கியிருக்கிறேன்.

இப்படிப்பட்டவள் கையில் மழைக்காலமும் பலாக்காயும் ஒன்றாகச் சேர்ந்து கிடைத்தால் என்ன ஆகும். லயத்தைச் சுற்றிப் பலா மரங்கள். காசு கொடுக்க வேண்டியதில்லை, ஏறிப் பறித்தால் போதும். திங்கட்கிழமை சுளையை அவித்துத் தேங்காய்ப்பூவோடு தந்தாள். செவ்வாய்க்கிழமை மஞ்சள் போட்டுப் பால்கறி. அடுத்த நாள் கொட்டையை வறுத்துக் கறி வைத்துவிட்டு, இது பலாக்காய் இல்லை, பலாக்கொட்டை என்றாள். எனக்கு வாய் திறந்தால் பலா மணத்தது. ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ள இன்றைக்காவது தேங்காய்ச் சம்பல் வைக்கக் கூடாதா என்று கேட்டேன். "தேங்கா வெள்ளிக்கிழமைக்கு" என்றாள், என் முகத்தைக்கூடப் பார்க்காமல்.

அந்தக் கிழமை முழுக்க அவள் இவ்வளவு கறாராக இருந்ததற்குக் காரணம் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். கேகாலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல் வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, கொண்டுவந்த சம்பந்தம். மாப்பிள்ளை ஓப்பநாயக்கப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து ஃபெக்டரியில் வேலை செய்கிறார். நல்ல பையன், குடிக்கமாட்டான் என்று மாமா சொல்லியிருந்தார். மாமா சொல்வதில் பாதியைத்தான் நம்பலாம், ஆனால் பாதியே போதும் என்ற நிலையில் அம்மா இருந்தாள்.

ஏனென்றால் அதற்கு முன் இரண்டு வீட்டார் வந்து போயிருந்தார்கள். இரண்டு வீட்டாரும் தேத்தண்ணீர் குடித்தார்கள், பெண் லட்சணம் என்றார்கள், சாப்பிடச் சொன்னபோது மட்டும் எழுந்துகொண்டு, அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் பெண் வீட்டில் கை நனைத்தால், அதாவது உட்கார்ந்து ஒரு வாய் சோறு சாப்பிட்டால், சம்மதம் என்று அர்த்தம். தேத்தண்ணீரோடு எழுந்துவிட்டால் அந்த அப்புறம் ஒருநாளும் வராது. இவர்களும் அப்படிப் போய்விட்டால் ஆடி பிறந்துவிடும், கலியாணப் பேச்சே எடுக்க முடியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி என்று முடிவானது. அதற்காகத்தான் நாங்கள் கிழமை முழுக்கப் பலாக்காய் தின்றோம். தன்னைப் பார்க்க வருகிறவர்களின் சாப்பாட்டுக்குத் தானே அரிசியிலும் தேங்காயிலும் மிச்சம் பிடித்த மணப்பெண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை.

சனிக்கிழமை அப்பா அப்படி மிச்சமான காசை எடுத்துக்கொண்டு கறி வாங்க டவுனுக்குப் போனார். மத்தியானம் போனவர் விளக்கு வைக்கும்போது இரண்டு பைகளோடு வந்தார். ஒரு பையில் சோடாப் போத்தல்கள். இன்னொன்றில் கிரீம் பிஸ்கட், வெற்றிலை, பூப்போட்ட ஒரு புதுத் தட்டம், அதற்குப் பொருத்தமாக ஆறு கிளாஸ். அம்மா இரண்டு பையையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"கறி எங்கங்க?"

"வர்றவங்க கண்ணுல மொதல்ல படுறது பிஸ்கட்டுதானே. கறி அப்புறந்தான்."

"அப்புறம்னா எப்ப? அவங்க ஓப்பநாயக்க பஸ்ஸுல ஏறுனதுக்கு அப்புறமா?"

அப்பா ஒரு கிளாஸை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினார். நல்ல கிளாஸ்தான். அம்மா வாய்க்கு வந்தபடி ஏசினாள். சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டு ரேடியோவின் சத்தம் மெல்லக் குறைந்தது. அக்கா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து, ஒரு கிழமையாகச் சேர்த்தது எப்படிக் கிளாஸாக மாறியது என்று யோசிப்பவளைப் போல அந்தத் தட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான், மறுநாள் விஷயத்துக்காக முன்கூட்டியே வந்திருந்த மாமா தன் மூளையைத் திறந்தார். பிஞ்சுப் பலாக்காய், சிங்களத்தில் பொலஸ் என்பார்களே, அதைத் துண்டு துண்டாக வெட்டி, வறுத்த தூள் போட்டு, பட்டை, ரம்பை இலை, கொறுக்காய்ப் புளி எல்லாம் சேர்த்து நிதானமாக வேகவைத்தால் ஆட்டுக்கறிதான் என்றார். "கடையில எத்தனை பேரு எலும்பு எங்கன்னு கேட்டுருக்காங்க தெரியுமா. எலும்பில்லாக் கறின்னு சொல்லிருவேன்."

"பொலஸுன்னு சொல்லியே வைப்போமே மாமா. அதுல என்ன இருக்கு?" என்றாள் அக்கா.

"பொண்ணு பாக்க வந்தவங்களுக்குப் பலாக்காயா?" அப்பா துள்ளினார். "காறித் துப்ப மாட்டாங்களா?"

எனக்கு வந்த எரிச்சலைச் சொல்ல முடியாது. ஆட்டுக்கறிக்காக ஆறு நாளும் பலாக்காய் தின்றாயிற்று, ஏழாம் நாள் ஆட்டுக்கறியும் பலாக்காய். அழுதேன். யாரும் கவனிக்கவில்லை. மரங்களில் காய் எல்லாம் முற்றிப்போயிருந்தது. லயத்துக்குப் பின்னால் பிந்திக் காய்த்த ஒரே ஒரு மரம் நின்றது. மாமா தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கொட்டும் மழையில் அதில் ஏறினார். கீழே நின்று டோர்ச் அடித்தவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி போல அவர்கள் வந்தார்கள். மாப்பிள்ளை, அவருடைய அம்மா, அப்பா, மூன்றே பேர். விடியுமுன் பஸ் ஏறி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒல்லியான மனிதர், நெற்றி நிறைய விபூதி. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, சிரமப்படாதீங்க, சிரமப்படாதீங்க என்று சொல்லிக்கொண்டே வந்தார். சோடா கொடுத்தோம், பிஸ்கட் வைத்தோம். அப்பாவின் கிளாஸ்களை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அக்கா தேத்தண்ணீர் கொண்டுவந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கையைப் பிடித்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் நின்ற அம்மா என் தோளை அழுத்திய அழுத்தலில், காரியம் நன்றாகத்தான் போகிறது என்று தெரிந்துகொண்டேன்.

அப்பா மெதுவாக, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றார். மாப்பிள்ளையின் அப்பா, அந்தப் பெரியவர், தன் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மா தலையசைத்தார். "சாப்பிட்டுட்டே போறோம்" என்றார் பெரியவர். அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள்.

எல்லாம் அதோடு நின்றிருக்கலாம். மாமாவால் சும்மா இருக்க முடியவில்லை. கடையில் பரிமாறுகிற பழக்கத்தில் மூன்று தட்டிலும் சோற்றைப் போட்டு, பருப்பை ஊற்றி, அதே கரண்டியால் கறியையும் அள்ளி மேலேயே ஊற்றினார். ஊற்றும்போது ஒரு கதை வேறு. "நம்ம கையாலயே அறுத்ததுங்க. கறுப்புக் கிடா. நேத்துச் சாயந்தரம் அடங்கவே மாட்டேன்னுட்டான், நான் ஒருத்தனாத்தான் புடிச்சேன்."

பெரியவர் தட்டைத் தொடவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். அவர் கைவைக்காமல் மற்ற இருவரும் கைவைக்க முடியாது. சோற்றிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. அப்பாவின் முகம் சுருங்கிவிட்டது. என்ன குறை என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். மூன்றாவது வீடும் போய்விட்டது என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள்.

கடைசியில் அந்த மனிதரே கூச்சத்தோடு சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க. கதிர்காமத்து முருகனுக்கு நேர்ந்திருக்கேன். கொடியேத்தம் வர்ற வரைக்கும் விரதம், மச்ச மாமிசம் தொட மாட்டேன். ஆசையாச் செஞ்சிருக்கீங்க, அதான் சொல்ல முடியல. இன்னொரு நாளைக்கு வந்து சாப்பிடுறேங்க."

வேறு தட்டில் பருப்பு மட்டும் தரலாமா என்று அம்மா குழறினாள். பானையில் சோறு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தேன், அடி தெரிந்தது. அக்காவின் அளவு அப்படி. சோறு இருந்திருந்தாலும் பயனில்லை, மாமாவின் ஒரே கரண்டி எல்லாச் சட்டியிலும் விழுந்து எழுந்திருந்தது. "பரவாயில்லீங்க, ஆடி கழியட்டும், அப்புறம் பாத்துக்குவோம்" என்று சொல்லிப் பெரியவர் எழப் பார்த்தார். அந்த மனிதருக்குப் பசி என்பது அவர் தொண்டை ஏறி இறங்கியதிலேயே தெரிந்தது. பலாக்காய் என்று சொன்னால் பொய்யர்கள் ஆகிவிடுவோம், சொல்லாவிட்டால் சம்பந்தம் போய்விடும். மாமா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் பார்க்க வந்த இடத்தில் பெண் வாய் திறப்பது வழக்கமில்லை. அக்கா எழுந்து முன்னால் வந்தாள்.

"அது ஆடு இல்லீங்க. பொலஸ். மழையில பால் வெட்டு இல்ல, கறி எடுக்க முடியல. மாசிக் கருவாட்டுத் தூள்கூடப் போடல, மாமா ஆக்குறப்ப நான்தான் பக்கத்துல நின்னேன். நீங்க சாப்பிடலாம்."

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். பெரியவர் அக்காவைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், பிறகு மெதுவாக மாமாவின் பக்கம் திரும்பினார்.

"அப்ப அந்தக் கறுப்புக் கிடா?"

"அது வந்துங்க," என்றார் மாமா, "மரத்துல இருந்துச்சு."

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். பிறகு அவர் அம்மா. பெரியவர் சிரிக்கவில்லை. செம்பை வாங்கிக் கையை நனைத்து, சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்று விழுங்கிய பிறகுதான் சிரித்தார். அடுத்தபடியாகச் சட்டியைத் தன் பக்கம் நகர்த்தச் சொன்னார். எங்களுக்கென்று வைத்திருந்த கறியும் அவர்களுக்கே போயிற்று. எனக்குக் கிடைத்தது அடிச்சட்டியில் ஒட்டிய தூள்.

சாப்பிட்ட பிறகு மாப்பிள்ளையின் அம்மா அடுப்படிக்கே வந்து உட்கார்ந்துகொண்டு, மழைக் கிழமையில் எப்படிச் சமாளிக்கிறாய் என்று அக்காவைக் கேட்டார். அக்கா திங்கள் முதல் சனி வரை ஒன்று விடாமல் ஒப்பித்தாள். அந்த அம்மா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். நான் பட்ட சித்திரவதையை இவள் பெருமையாகச் சொல்கிறாளே, அதை ஒருத்தி ரசித்துக் கேட்கிறாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆவணியில் கலியாணம் என்று பேசி முடித்துவிட்டு, மூன்று மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நான் லயத்துப் பிள்ளைகளோடு விளையாடிக்கொண்டிருந்தபோது அக்கா கூப்பிட்டு அனுப்பினாள். சந்தைச் சாமான்கள் வழக்கம்போலப் பரப்பியிருந்தன. பால் டின்னை என் கையில் கொடுத்து, நாளைக்கு எவ்வளவு, நாளன்றைக்கு எவ்வளவு என்று அளந்து காட்டச் சொன்னாள். தேங்காய் எந்த நாளுக்கு, கருவாட்டை எத்தனை நாளைக்கு இழுக்கலாம், மழை பிடித்தால் எதை முதலில் நிறுத்துவது என்று கேள்வி மேல் கேள்வி. மாமியாராகப் போகிறவர் மெச்சிவிட்டுப் போனதில் இவளுக்குத் தலைகால் தெரியவில்லை என்று நினைத்தேன். வெளியில் என் முறை வந்துவிட்டது என்று கூப்பிடுகிறார்கள். நான் டின்னை நிரம்ப அள்ளினேன். அவள் என் விரலைப் பிடித்து, மேலே நின்ற அரிசியை வழிக்க வைத்தாள்.

"எனக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று கத்தினேன். "அதான் நீ இருக்கியே."

அக்கா அளந்த அரிசியைச் சாக்கில் கொட்டிவிட்டு, திரும்ப முதலிலிருந்து அளக்கச் சொன்னாள்.