நெக்லஸ் எப்படிக் காப்பிக் கேத்தலுக்குள் போனது?

டைரக்டர் "மிஸ் டிப்ஸ்" என்று குடும்பப் பெயரோடு கூப்பிட்டபோதே ஓசெல்லாவுக்குச் சந்தேகம் தட்டியது. கறுப்பு நடிகையான அவள் அந்தக் காலத்து ஹாலிவுட்டில் எத்தனையோ வேலைக்காரி வேடம் போட்டுவிட்டாள். வெள்ளைக்கார டைரக்டர்களுக்கு அவள் வெறும் ஓசெல்லாதான். இன்றைக்கு மரியாதை. உட்கார நாற்காலி வேறு.

காணாமல் போன நெக்லஸை வீடே தேடும் நகைச்சுவைப் படம். அதில் அவளுக்கென்று முழுக் காட்சி. எஜமானியின் நெக்லஸைப் போட்டுக்கொண்டு, சமையலறையில் தனியாக அவளைப் போலவே நடந்து பேசிக் காட்டிவிட்டு, நகையைப் பெட்டியில் திரும்ப வைக்க வேண்டும்.

கறுப்பர்கள் வாழும் சென்ட்ரல் அவென்யூ தெருவில் தலைமுடி அலங்காரம் செய்யும் லுவெனியா கேட்டதுமே குதித்தாள்.

"அடி சக்க! இனிமே நீ ஸ்டாருடி. எங்களையும் ஞாபகம் வெச்சுக்க."

"சும்மா இருடி. அந்த சீன்ல என்கூட யாரு இருக்கா?"

"யாருமில்லன்னு நீதானே சொன்ன."

"அதான். நெக்லசும் எடுத்த எடத்துக்கே போயிடுது. அப்ப எதுக்கு அந்த சீனு? வெட்டத்தான்."

சுருள்முடியை நேராக்கும் லுவெனியாவின் சூடான சீப்பு அந்தரத்தில் நின்றது.

எங்கள் தெருவில் நடிக்கப் போகிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. நம்மவர் ஜொலிக்கும் காட்சியைக் கதையோடு ஒட்டாமல் எடுப்பார்கள். தெற்கு மாநிலங்களில் வெள்ளைக்காரத் தியேட்டர்காரர்கள் முறைத்தால் கத்தரித்துவிடலாம், படம் குலையாது. போன படத்தில் அதுதான் நடந்தது. மிசிசிப்பியில் இருக்கும் தங்கை வெர்ஸி, தேவாலயக் கூட்டத்தையே தியேட்டரில் கறுப்பர்களுக்கென்று ஒதுக்கிய மாடிக்குக் கூட்டிப்போய், அக்காவைப் பார்க்காமலே திரும்பினாள். "உங்க அக்கா அங்க நெசமாவே வீட்டு வேலைதான் பாக்குறாளோ?" என்று கூட வந்த மேபெல் என்பவள் கேட்டுவிட்டாள். இந்த முறை ஓசெல்லா திரையில் தெரிந்தே ஆகவேண்டும்.

கேமரா ஓடியது. எஜமானியைப் போல மூக்கைத் தூக்கி நடந்தவள், காலடிச் சத்தம் கேட்டவள் போலத் திடுக்கிட்டு, நெக்லஸைக் காப்பிக் கேத்தலுக்குள் போட்டு மூடினாள். விளக்குப் பிடித்தவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். டைரக்டருக்குக் கண்ணில் நீர்.

"இது நல்லாருக்கே! காலைல எஜமானி காப்பி ஊத்துறப்போ கப்புல விழட்டும்."

உதவியாளர் முணுமுணுத்தார். "சார், அப்புறம் இந்த சீனை வெட்ட முடியாதே."

டைரக்டரின் சிரிப்பு அடங்கியது. "தெரிஞ்சேதான் செஞ்சியா, ஓசெல்லா?"

"கை வழுக்கிடுச்சு சார்."

'மிஸ்' போயிருந்தது. ஆனால் அப்படியொரு சிரிப்பைத் தூக்கிப்போட அவருக்கு மனம் வரவில்லை.

படம் தெற்கே போன வாரம் வெர்ஸி போன் செய்தாள்.

"அக்கா, வெட்டிட்டானுங்க."

ஓசெல்லா போனை வைக்கப் போனாள்.

"முழுசாக் கேளு. எஜமானி காப்பி ஊத்துறா, நெக்லஸ் விழுது. கீழ ஒக்காந்திருந்த வெள்ளைக்காரங்க முழிக்கிறாங்க. 'அது எப்படிடா உள்ள போச்சு?'ன்னு ஒருத்தன் கத்துறான். நீ கேத்தல்ல போட்டதா எழுதினத நான்தான் முன்னாடியே எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிருந்தேனே! மாடியே குலுங்கிச்சு. எதுக்குச் சிரிக்கிறோம்னு கீழேருந்து அண்ணாந்து பாத்தாங்க."

"மேபெல்?"

"அவ சத்தம்தான் பெருசு."

"என்னைத் தேத்துறதுக்குச் சொல்லல?"

"சத்தியமா, அக்கா."

"பக்கத்துல இருக்காளா? அவகிட்ட குடு. அவளே சொல்லட்டும்."