ஷேர் ஜீப்பில் சொன்ன பெயர்

ஜூலை 8, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல விடியுமுன் எழுந்தேன். வாசல் கூட்டி, காபி குடித்து, ஜமுனாமரத்தூரில் இருக்கும் என் தானியக் கடையின் சாவியைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு ஷேர் ஜீப் பிடித்தேன். செவ்வாய் என்றால் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் சாமை வாங்கப் போகும் நாள்.

பக்கத்து சீட்டில் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலர். எங்கள் மலைக்குப் புதியவர். பாதி வழியில் டிரைவரைக் கேட்டார்.

"அண்ணே, ருக்குன்னு ஒருத்தங்க... அவங்க வூடு எந்தப் பக்கம்?"

"இன்னா விஷயம் சார்?"

"பதினஞ்சு வயசுப் பொண்ணுக்குக் கல்யாணம்னு அவங்கதான் போன்ல கம்ப்ளெயின்ட் குடுத்தாங்க. அதான்."

டிரைவர் கியரை மாற்றினார். "அந்த மாப்ள எங்க அக்கா பையன்தான் சார்."

பின் சீட்டில் இருந்த ஒருவர் உடனே போனைத் தூக்கிப் பிடித்து டவர் தேடினார்.

ருக்கு என்பது இந்தப் பத்திக்காக நான் வைத்த பெயர். பெயரை மறைப்பது அவ்வளவு கஷ்டமான வேலையா என்ன?

கல்யாணம் நின்றது. அலுவலர் பெற்றோரிடம் எழுதி வாங்கினார், பெண்ணை ஹாஸ்டலில் சேர்க்க ஏற்பாடு செய்தார்... அதில் குறையே சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் நான் சாமை மூட்டையோடு திரும்பும்போது ருக்கு வீட்டு முன்னால் கூட்டம்.

"சொந்த அக்கா பொண்ணு வாழ்க்கையையே கெடுத்துட்டியேடி! வெளிய வா, பாத்துக்கறோம்!"

கதவு உள்தாழ். ஜன்னலில் ருக்குவின் முகம். என்னைப் பார்த்ததும் கேட்டாள். "யக்கா... வெளிய வராதுன்னு சொல்லித்தானே போன்ல பேரு கேட்டாங்க?"

அலுவலர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார். "சார், இவங்கள இப்படியே வுட்டுட்டுப் போறீங்களா?" என்றேன்.

"பொண்ணக் காப்பாத்திட்டோம்ல மேடம்? வழி கேட்டது ஒரு தப்பா?"

டிரைவர் ஹாரன் அடித்தார். "யக்கா, வர்றீங்களா இல்லியா?"

"வர்ல. நீ போ."

மூட்டையை ருக்கு வீட்டு வாசலில் இறக்கி, அதன்மேலேயே உட்கார்ந்தேன். என்னிடம் சாமை விற்கிறவர்கள்தான் எதிரில் நின்றவர்கள். முறைத்தார்கள். இருட்டியதும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ருக்கு கதவைத் திறந்தாள். அங்கேயே தங்கினேன்.

நல்லது செய்தவர்மேல் புகார் கொடுக்கலாமா? படுத்தபடி யோசித்தேன். ஒரு பெண் தப்பித்தாள், சரி. அடுத்த பெண்ணுக்காக இந்த மலையில் யார் போனை எடுப்பார்கள்? ஜீப்பில் அத்தனை பேர் கேட்டார்கள். சாட்சி சொல்ல யார் வருவார்கள்?

மறுநாள் காலை, முகம்கூடக் கழுவாமல், ருக்குவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு அந்த அலுவலரின் மேலதிகாரிக்குப் புகார் எழுதினேன். அடியில் என் பெயரைப் பெரிதாகப் போட்டேன் — இதை அவர் எந்த ஜீப்பில் வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும்!