நாக்கு டீச்சரும் சுலோக சாரும்

எதிரே உட்கார்ந்திருக்கும் ஓய்வு பெற்ற மேலாளரைப் பார்த்து இந்தப் பெண்மணி நாக்கை முழுதாக நீட்டிக் காட்டுகிறார். மனிதர் திகைத்துப்போய்த் தானும் கொஞ்சம் நீட்டுகிறார். "இன்னும் கொஞ்சம். வீட்டம்மா பக்கத்துல இல்ல, தைரியமா நீட்டுங்க." பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்களுக்கு மறுபடியும் பேசக் கற்றுக்கொடுப்பது இவர் வேலை. மருத்துவமனை முழுக்க இவருக்கு நாக்கு டீச்சர் என்றுதான் பெயர்.

கைப்பையில் ஒரு கைக்கண்ணாடி, ஊதிப் பழகக் காகிதத் துண்டுகள், கோப்பை, சாவி, குடை என்று படம் போட்ட அட்டைகள். பயிற்சி நேரத்தில் ஈவு இரக்கம் பார்க்கமாட்டார். வாயைத் திறக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கும் பெரிய மனிதர்களையும் ஒரு வழி பண்ணிவிடுவார். அப்புறம் ஒரே ஒரு வார்த்தை வந்துவிட்டால் போதும், நோயாளிக்கு முந்தி இவர் கண் கலங்கிவிடும்.

இந்த வாயாடிக்குச் சின்ன வயதில் திக்குவாய் என்றால் யாரும் நம்புவதில்லை. "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடுமா?" என்று உறவுக்காரர்கள் கேலி செய்வார்களாம். திறந்தால்தான் தெரியும், முத்தும் வராது, சொல்லும் வராது. அடுத்த தெருவில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குச் சுலோகம் சொல்லிக்கொடுத்தார். ராகம் போட்டுச் சொல்லும்போது இந்தப் பெண்ணுக்குத் திக்கவில்லை என்பதை அந்தச் சுலோக சார்தான் கவனித்தார். அதை ஊரைக் கூட்டிச் சொல்லவில்லை. தினமும் குரு வணக்கத்தை ஆரம்பித்துவைக்கும் பொறுப்பை மட்டும் இவருக்குக் கொடுத்துவிட்டார்.

"வாயக் கொடுத்தது சாமி. அதுக்குள்ள பேச்ச வெச்சது சார்" என்பார். வேலை கிடைத்தபோதும் கல்யாணத்தின்போதும் முதல் நமஸ்காரம் அவர் காலில்தான். இன்று தான் பேசுகிற பேச்செல்லாம் சார் போட்ட பிச்சை என்பதில் இவருக்குச் சந்தேகமே கிடையாது.

அந்தச் சாருக்கே இந்த வருஷம் பக்கவாதம் வந்து பேச்சு போய்விட்டது.

சாரின் மகள் கூப்பிட்டதும் ஓடினார். கட்டிலில் சாய்ந்திருந்தவருக்கு எல்லாம் புரிந்தது, வார்த்தை மட்டும் எழவில்லை. முதல் சில மாதங்களைக் கோட்டைவிட்டால் பேச்சைத் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு என்பது நாக்கு டீச்சருக்குத் தெரியாததல்ல. ஆனாலும் போகும்போதெல்லாம் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, கைகட்டி நின்றுவிட்டு, கைப்பையைத் திறக்காமலேயே திரும்பிவந்தார். மகளுக்குப் பொறுமை போய்விட்டது.

"அக்கா, நீங்களே இப்படிக் கைகட்டி நின்னா எங்கப்பாவ யாரு பேசவைக்கிறது?"

"கொல்லன் தெருவுல ஊசி விக்கச் சொல்றியேம்மா. கோப்பைப் படத்தக் காட்டி, இது என்னன்னு சார்கிட்ட எப்படிக் கேப்பேன்? அவர் தப்பா சொல்லிட்டா, தப்புன்னு நான் எந்த வாயால சொல்லுவேன்?"

தான் சொன்ன 'தப்பு' தன் காதிலேயே விழுந்ததுபோலச் சட்டென்று நிமிர்ந்தார். பிறகு கட்டிலருகே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, குரு வணக்கத்தை ராகத்தோடு ஆரம்பித்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிசகாமல் சொல்லக்கூடியவர், இரண்டாம் அடியை விட்டுவிட்டு மூன்றாம் அடிக்குத் தாவினார்.

சாரின் புருவம் நெரிந்தது.

முதலிலிருந்து ஆரம்பித்து அதே இடத்தில் மறுபடியும் தாவினார். குருவின் முன்னால் வேண்டுமென்றே பிழையாகச் சொல்வது அவருக்கு நெருப்பை மிதிப்பதுபோல இருந்தது. சாரின் இடது கை படுக்கையை ஓங்கித் தட்டியது. உதடு கோணியது, தொண்டை ஏறி இறங்கியது.

"தப்பு."

மகள் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். நாக்கு டீச்சர் கண்ணீர் வழிய வழியத் தலையைக் குனிந்து, பட் பட்டென்று இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார்.