பாட்டில் வந்த சைரன்

மகன் தமிழ்மாறனின் ராக் பாட்டுக் குழு புது ஆல்பம் போட்டதிலிருந்து செங்கமலத்துக்குச் சோறு இறங்கவில்லை. "பழைய மாதிரி பாடுங்கடா, இது வெறும் இரைச்சல்" என்று ரசிகர்கள் போனில் திட்டிக்கொண்டே இருந்தார்கள். பிள்ளை பாட்டையே விட்டுடுவானோ என்று முருகன் படத்துக்கு முன் நின்று அழுதாள்.

"நீயாவது கேளும்மா" என்று அவன் போட்டுக் காட்டினான்.

பாட்டின் நடுவில், அவள் வேலை பார்க்கும் நிலக்கரிச் சுரங்கத்தில் கரியைச் சுமந்து போகும் கன்வேயர் பெல்ட் ஓடத் தொடங்குமுன் அலறும் சைரன் வந்தது. பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை வாரும் கான்ட்ராக்ட் வேலை அவளுக்கு. துள்ளி எழுந்து சுவரோரம் ஒதுங்கிவிட்டாள்.

தமிழ்மாறன் முகம் மாறியது. "தினமும் இப்படித்தான் ஓடுவியாம்மா?"

"பின்ன? நின்னா பெல்ட்டு புடவையை இழுத்துடும்டா."

"ரசிகருங்க திட்டட்டும். நீ ஓடுற சத்தம் அவங்க காதுலயும் விழட்டும். அடுத்த ஆல்பமும் இப்படித்தான் பண்ணுவோம்."

அப்பாடா, பிள்ளை பாட்டை விடமாட்டான் என்றிருந்தது. ஆனாலும் சுவரோரத்தை விட்டு நகராமலே கேட்டாள்: "அதுலயும் சைரன் வருமாடா?"