தொழுவச் சுவரில் பாதி மீன்

ஒன்றை நம்பாமலே அதற்கு உண்மையாக உழைக்க முடியுமா? கோங் சூஃபென் பல வருடங்கள் கல்லுக்குள் மீன் தேடினாள். அந்த மீன்களின் வயதை மட்டும் அவள் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை.

தென்மேற்குச் சீனாவில், குஜிங் நகரை ஒட்டிய எங்கள் மலைச்சரிவுக்கு, கல்லாகிப்போன பழங்கால மீன்களைத் தேடிக் கோடைதோறும் பெய்ஜிங்கிலிருந்து ஆய்வுக்குழு வரும். கல் உடைக்க ஊர்க்காரர்கள் சிலரைக் கூலிக்கு வைத்துக்கொள்வார்கள். கோங் அவர்களில் ஒருத்தி. மற்ற மாதங்களில் பூண்டுத்தாள் பூவில் ஊறுகாய் போட்டுச் சந்தையில் விற்பாள். திறமைசாலி என்று சொல்லத் தயங்குவேன். அவளைவிட அதிக மீன் எடுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவள் வராத நாளில் அந்தச் சரிவில் சுத்தியல் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"நாப்பத்திரெண்டு கோடி வருஷம்ங்கிறீங்களே வாத்தியாரே, பக்கத்துல உக்காந்து எண்ணுனது யாரு?" என்பாள், குழுத் தலைவர் யின்னிடம்.

"யாரும் எண்ணல அக்கா. கல்லுலயே எழுதியிருக்கு. நாங்க படிக்கிறோம், அவ்ளோதான்."

"கல்லுல எழுதினா நெசமாயிடுமா? எங்க மாமியாரு கல்லறைக் கல்லுல வயசு பத்து கம்மி. அவங்களே சொல்லி வெட்ட வெச்சது!"

யின் தோற்றுப்போன முகத்தோடு சிரிப்பார். அடுத்த நாளும் விளக்குவார். அவளும் அடுத்த நாளும் மறுப்பாள்.

கல்லைப் பிளந்ததும் நாக்கால் தொட்டுப் பார்ப்பது அங்கே வழக்கம். சேறு படிந்த கல்லில் கண் ஏமாறும், நாக்கு ஏமாறாது. வெறும் கல் வழுக்கும். மீனின் தலையோட்டில் பொடிப்பொடியாக மணிகள் இருப்பதால் அது சொரசொரக்கும். பிளக்கும்போது மீனும் இரண்டாகப் பிரிந்து இரு கல்லிலும் பாதிப்பாதியாக நின்றுவிடும். அதனால் ஜோடிக் கற்களை ஒரே தாளில் சுற்றி வைக்க வேண்டும்.

ஒரு கோடையில் கோங் எடுத்திருந்த உள்ளங்கை அளவு மீன்தலை ஒன்றை, சுத்தம் செய்து படமெடுத்த பிறகு, மறு கோடையில் யின் திரும்பக் கொண்டுவந்தார். உச்சந்தலை முதல் கன்னம் வரை அப்படியே இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"இதோட ஜோடி எங்க அக்கா? அந்தக் காலத்து மீன்ல முக்காவாசிக்குத் தாடையே கெடையாது, உறிஞ்சித்தான் தின்னும். இதுக்குத் தாடை இருந்திருக்கும்னு தோணுது. எந்த மாதிரித் தாடைன்னு தெரிஞ்சா, நம்ம வாய் எங்கேர்ந்து வந்துச்சுன்னே ஒரு சேதி கெடைக்கும். இத மட்டும் வெச்சுக்கிட்டு என்னால ஒண்ணுமே சொல்ல முடியாது."

கோங் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, அன்னிக்கு மத்தியானம் மொளகாக் கோழி!"

எங்கள் பக்கத்து மிளகாய்க் கோழியில் நாக்கையே மரத்துப்போக வைக்கும் ஒருவகை மிளகும் உண்டு. அதை வயிறு முட்டத் தின்றுவிட்டு வந்து ஜோடிக் கல்லை நக்கியிருக்கிறாள். நாக்குக்கு எதுவும் தெரியவில்லை. வெறும் கல் என்று சரிவில் எறிந்துவிட்டாள்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். யின்னும் சிரித்தார், பிறகு அந்தப் பாதித் தலையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அதைக் கண்டதும் கோங்கின் சிரிப்பும் நின்றது.

எறிந்த கற்களை ஊர்க்காரர்கள் அள்ளிப்போவது உண்டு. அந்தக் குவியல் முழுவதையும் ஊரில் பன்றி வளர்க்கும் துவான் அள்ளிப்போய்ப் புதிதாகப் பன்றித் தொழுவம் கட்டியிருந்தார். கோங் வாளியும் தூரிகையுமாக அங்கே போய் நின்றாள்.

"துவான் அண்ணே, ஒங்க செவத்த நக்கணும்."

"வெயில்ல மூளை கொழம்பிருச்சா ஒனக்கு?"

"கழுவிட்டுத்தான் நக்குவேன், பயப்படாதீங்க."

"நான் ஏன் பயப்படணும்? பன்னிங்க பயப்படப் போவுது."

தேடிய நாட்களில் அவள் மிளகாயையே தொடவில்லை, வெறும் கஞ்சிதான் குடித்தாள். எங்கள் ஊரில் காய்ச்சல்காரர்கள்கூட அப்படிச் சாப்பிடுவதில்லை. ஒவ்வொரு கல்லாகத் தேய்த்து, கழுவி, நாக்கை வைத்து, துப்பிவிட்டு அடுத்ததற்கு நகர்ந்தாள். வெளிச்சுவரில் கிடைக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் கலைந்துபோனது. உட்சுவரில் தீனித்தொட்டிக்குப் பின்னால் தலையை நுழைத்தவள் அப்படியே அசையாமல் இருந்தாள். பிறகு உள்ளேயிருந்து ஒரு கூச்சல் வந்தது.

"சொரசொரங்குது! வாத்தியாரே, சொரசொரங்குது!"

ஆனால் அந்த மூலையில்தான் தாய்ப்பன்றி குட்டி ஈன்று படுத்திருந்தது. துவான் வாசலை மறித்துக்கொண்டார்.

"இப்ப உளிய வெச்சு இடிச்சா அது மெரண்டு குட்டிங்க மேலயே படுத்துரும். எங்கம்மாவே வந்து கேட்டாலும் விட மாட்டேன்."

அவர் சொன்னது நியாயம். யின் மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நாப்பது கோடி வருஷம் காத்திருந்த மீன், பன்னிக்குட்டி வளர்ற வரைக்கும் காத்திருக்காதா?" என்றார்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா! ரெண்டு கோடியக் கொறச்சுட்டாரு!" என்று கோங் கத்தினாள். துவானுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது.

யின் பயணத்தைத் தள்ளிப்போட்டார். குட்டிகள் வெளியே ஓடியாடத் தொடங்கியதும் துவானே உளி பிடித்துக் கல்லைப் பெயர்த்துக் கொடுத்தார். முற்றத்தில் வைத்து யின் இரண்டு பாதிகளையும் சேர்த்தார். சின்னச் சத்தத்தோடு அவை பொருந்தின. கன்னத்துக்குக் கீழே, முழுசாக, தாடை.

கோங் குனிந்து பார்த்துவிட்டு, "நல்ல வாய்தான். இவனுக்கும் கோழி போட்டிருக்கலாம்" என்றாள். அன்று சாயங்காலம் துவான் வீட்டில் மிளகாய்க் கோழி. அவள் எத்தனை தட்டு காலி செய்தாள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. யின் மட்டும் தட்டைத் தொடாமல் மீனைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

குளிர்காலத்தில் பெய்ஜிங்கிலிருந்து கோங்குக்கு ஒரு பெட்டி வந்தது. இரண்டு பாதியும் சேர்ந்த தலையை அச்சு எடுத்து, வண்ணம் பூசி, மரச்சட்டத்தில் பதித்து, கீழே கண்டெடுத்தவர் என்று அவள் பெயரையும் பொறித்து அனுப்பியிருந்தார்கள். டிவிக்கு மேலே மாட்டுவாள் என்று நாங்கள் நினைத்தோம். சந்தையில் ஊறுகாய்ச் சாடிகளுக்கு நடுவே வைத்து ஊரையே கூப்பிட்டுக் காட்டுவாள் என்றும் சிலர் சொன்னார்கள்.

அவள் அதைச் சட்டத்திலிருந்து கழற்றினாள். ஒரு சட்டி சிமெண்டு குழைத்துக்கொண்டு துவான் வீட்டுக்குப் போனாள். கல்லைப் பெயர்த்த ஓட்டையில் துவான் அதுவரை வைக்கோலைத்தான் அடைத்து வைத்திருந்தார்; அதையும் மீறிக் குளிர்காற்று குட்டிகள் மேல் வீசிக்கொண்டிருந்தது. வைக்கோலைப் பிடுங்கிவிட்டு, மீனின் முகம் உள்ளே பன்றிகளைப் பார்த்திருக்கும்படி அதைப் பதித்து, சுற்றிலும் பூசினாள்.

"ஏன் சூஃபென், இத வீட்டுல மாட்ட எடமில்லையா?" என்று துவான் கேட்டார்.

கோங் சாந்துக் கரண்டியைக் கழுவிக்கொண்டே, குட்டிகள் நன்றாகத் தின்கின்றனவா என்று விசாரித்தாள்.