தயாமணி அக்காவும் நான் விட்டுவிட்ட வசனங்களும்

தந்தி என்றாலே எனக்கு ஆகாது. யுத்த காலத்தில் எங்கள் தெருவுக்கு வந்த தந்தி ஒன்றுகூட நல்லதைச் சொன்னதில்லை. போன திங்கட்கிழமை காலை பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது தபால்காரர் வந்து நின்றதும், வாங்கமாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நாற்பது வயதுக்காரி செய்கிற காரியமா அது! "நானே படிச்சுச் சொல்லிடட்டுங்களா டீச்சரம்மா?" என்றார் அவர். உடம்பைத் தேற்றிக்கொள்ள மணவூரில் தம்பி வீட்டுக்குப் போயிருந்த தயாமணி அக்கா, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார், இன்று சாயங்காலம் அடக்கம் என்று படித்தார்.

திருத்தணியில் அவரை அறியாதவர் யார்? உங்களில் சிலருடைய பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவர்கள். மற்றவர்கள் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். பிரசவம் பார்க்கிற நர்ஸம்மாவாக அவர் இந்த ஊருக்கு வந்து, பள்ளிக்கூட டீச்சரான என்னோடு ஒரே வீட்டில் பதினோரு வருஷம் இருந்தார். அவர் விதவை, எனக்குக் கல்யாணமே ஆகவில்லை. எனக்கு இடி பயம், பாம்பு பயம், கிருத்திகைக்கு வரும் கூட்டத்தைக் கண்டாலும் பயம். "சலோமி, நீ பரலோகத்துக்குப் போனாலும் தாழ்ப்பாள் சரியா போட்டிருக்கான்னு ரெண்டு தரம் பாத்துட்டுத்தான் உக்காருவ" என்று கேலி செய்வார். அவருக்குப் பயமே கிடையாது என்று நானும் உங்களைப் போலத்தான் நம்பியிருந்தேன்.

சீட்டு விஷயத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கள் ஜனங்களில் பல வீடுகளில் ஒரு தகர டப்பா இருக்கும். அதில் வேத வசனங்களைச் சீட்டுகளில் எழுதிச் சுருட்டிப் போட்டிருப்போம். காலை ஜெபம் முடிந்ததும் ஒன்றை எடுத்துப் படிப்போம். அக்கா இன்னும் ஒரு படி மேலே போவார். ஆபத்தான இடத்திலிருந்து அழைப்பு வந்தால், முழங்காலில் நின்று ஒரு சீட்டு எடுப்பார். அது சொல்கிறபடிதான் செய்வார். "கேக்குற வரைக்கும்தான் நம்ம இஷ்டம் சலோமி. கேட்டப்புறம் கீழ்ப்படியணும்" என்பார்.

யுத்த காலத்தில் ஒரு வருஷம் ஆடிக் கிருத்திகைக் கூட்டம் கலைந்ததும் சுற்றுவட்டாரத்தில் வாந்திபேதி பரவியது. சீட்டுகள் கை அழுக்கில் நைந்து போயிருந்ததால், "உன் கையெழுத்து நல்லா இருக்கும், புதுசா எழுதிப் போடு" என்று அக்கா டப்பாவை என்னிடம் கொடுத்தார். காகிதத்துக்குப் பஞ்சமான காலம். பழைய பரீட்சைத் தாள்களின் பின்பக்கத்தைக் கத்தரித்து எழுத உட்கார்ந்தேன். எழுந்து போ, பயப்படாதே, நான் உன்னை அனுப்புகிறேன் என்கிற தோரணையில் ஒரு வசனம் வந்தது. அக்கா அதை எடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்ததும் பேனா நின்றுவிட்டது. அதைத் தள்ளி வைத்தேன். அடுத்ததையும் தள்ளி வைத்தேன். கடைசியில் காத்திரு, அமர்ந்திரு, மறைந்திரு என்கிற வசனங்கள் மட்டுமே டப்பாவுக்குள் போயின. அக்கா மேல் உள்ள பாசம் என்று அப்போது சொல்லிக்கொண்டேன். அவர் போய்விட்டால் இந்த ஊரில் நான் தனியாகக் கிடப்பேனே என்ற பயம்தான் அது. இப்போது சொல்லிவிடுகிறேன்.

பத்து நாள் கழித்து, உச்சி வெயிலில், பொதட்டூர்பேட்டைப் பக்கத்திலிருந்து ஒரு நெசவாளி மாட்டு வண்டி பூட்டிக்கொண்டு வந்தார். வாசலுக்கு வராமல் தெருவின் எதிர்ப்பக்கமே நின்றார். "கிட்ட வரலீங்கம்மா. எங்க தெருவுல வாந்திபேதி. எங்க நைனா முந்தாநேத்து செத்துப் பூட்டாரு. பொஞ்சாதிக்கு நேத்துலேர்ந்து நோவு எடுத்துகினே கீது, புள்ள எறங்கல. யாரைக் கூப்பிட்டாலும் தெருப் பேரைச் சொன்னதுமே கதவைச் சாத்திக்கிறாங்க."

அக்கா உள்ளே வந்து முழங்காலில் நின்றார். சீட்டை எடுத்தார். ஆபத்து கடந்து போகும்வரை அறைக்குள் ஒளிந்திருக்கச் சொல்லும் வசனம். ஒரு தரம் படித்தார், மறுபடி படித்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "போக வேணாம்னு வந்திருக்கு" என்றார். ஸ்தோத்திரம் என்று நான் வாய்விட்டே சொன்னேன். "நீயே போய்ச் சொல்லிடு சலோமி. அவர் முகத்தைப் பாக்க என்னால முடியாது."

நான்தான் போய்ச் சொன்னேன். அந்த மனிதர் சண்டை போட்டிருந்தால் தேவலை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஆங், சரிங்கம்மா. அப்போ என்ன பண்ணணும்னு மட்டும் நர்ஸம்மாவைக் கேட்டுச் சொல்லுங்க. நானே பண்ணிப் பாக்கறேன்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டால் அங்கே ஒருத்தி சாவாள். திறந்தால் அக்கா சாவார். நடு வாசலில் நின்றுகொண்டு எவ்வளவு நேரம் தவித்தேனோ தெரியாது. அப்புறம் உள்ளே ஓடி, டப்பாவைத் தரையில் கவிழ்த்தேன்.

"அக்கா, இதுல போன்னு ஒரு சீட்டும் இல்ல. நான் எழுதவே இல்ல."

"எல்லாத்தையுமா விட்டுட்ட?"

"எல்லாத்தையும்."

அறைவார் என்று கன்னத்தைக் காட்டிக்கொண்டு நின்றேன். "அடிப் பாவி, கர்த்தருக்கே வாய்ப்பூட்டு போட்டுட்டியேடி" என்றார். என்னை 'டி' போட்டு அவர் அழைத்தது அந்த ஒரு முறைதான். பையை எடுத்தார். அதன் வாரை மாட்ட அவர் கை ஒத்துழைக்கவில்லை. கோபத்தில் நடுங்குகிறார் என்று நினைத்து நான் மாட்டிக் கொடுத்தேன். அவர் ஏறியதும் வண்டி போய்விட்டது.

மூன்று நாள் ஒரு தகவலும் இல்லை. வகுப்பில் கூட்டல் கணக்கைக்கூடத் தப்பாகப் போட்டேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டாலே, பிணம் வருகிறதோ என்று எட்டிப் பார்த்தேன். ஜெபிக்க உட்கார்ந்தால் வாயில் வார்த்தை வரவில்லை. வசனத்தை ஒளித்தவள் எந்த முகத்தோடு கேட்பது? சனிக்கிழமை மத்தியானம் அக்கா நடந்தே வந்தார். கொல்லைப்புறத்தில் குளித்து, உடுத்தியிருந்த துணியைக் கொதிநீரில் போடச் சொல்லிவிட்டு, அப்புறம்தான் வீட்டுக்குள் கால் வைத்தார். தாய் பிழைத்துவிட்டாள். பிள்ளை தங்கவில்லை.

"நான் தாமசம் பண்ணினதாலயா அக்கா?"

"தெரியாது சலோமி. தெரிஞ்ச மாதிரி உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்" என்றார். அழுதேன். என்னை அழவிட்டார். பிறகு தாமாகவே பேசினார். "அந்தச் சீட்டைப் பாத்ததும் எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? தப்பிச்சோம்னு இருந்துச்சு. தெருவுல அவர் நின்னுகினு இருக்கிறப்போவே போகணும்னு எனக்கு பதில் வந்தாச்சு. பயத்துலதான் உள்ள போய்ச் சீட்டைத் தேடினேன். நீ எழுதாம ஒளிச்ச, நான் எடுத்து ஒளிஞ்சேன். வித்தியாசம் ஒண்ணும் இல்ல." பயமா, உங்களுக்கா என்று கேட்டுவிட்டேன். "பயம் போகட்டும்னு காத்திருந்தா முதல் பிரசவத்துக்கே நான் இன்னும் கிளம்பியிருக்க மாட்டேன்" என்றார். டப்பாச் சீட்டுகள் அன்றைக்கு அடுப்புக்குப் போயின. அதற்குப் பிறகு அவர் சீட்டு எடுக்கவில்லை. வேதத்தை வரிசையாகப் படித்தார். தமக்குப் பிடிக்காததையும் விடாமல் படித்தார்.

அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று உங்களில் பலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். தந்தி வந்த அன்றே கிளம்பினேன். ரயிலடியில் ஒரு நிறைமாதப் பெண்ணும் அவள் மாமியாரும் நின்றிருந்தார்கள். அக்காவைத் தேடி வந்து, வீடு பூட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, அரக்கோணத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டிருந்தார்கள். "நீங்க நர்ஸம்மா வீட்டு டீச்சர்தானே? அம்மா எங்கங்க?" என்று மாமியார் கேட்டாள். சொன்னேன். அவள் நடைமேடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அந்தப் பெண்ணுக்கு வண்டியிலேயே வலி எடுத்துவிட்டது. அரக்கோணத்தில் இறங்கியபோது மணவூர் வண்டி தயாராக நின்றது. அவள் என் கையை விடவில்லை. "நீங்களும் வாங்கம்மா, எனக்குப் பயமா கீது" என்றாள்.

பிரசவத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ரத்தத்தைக் கண்டால் எனக்குத் தலை சுற்றும். எந்தச் சீட்டும் என்னிடம் இல்லை. அக்காவும் பயந்தார், பயத்தோடேயே போனார் என்பது ஒன்றுதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருந்தது. இனியும் நான் வைத்துக்கொள்ளப்போவது அதைத்தான். அவளைக் குதிரை வண்டியில் ஏற்றி, பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். மணவூர் வண்டி ஊதிவிட்டுப் போயிற்று. அதில் ஏறி அடக்கத்துக்கு வந்திருந்தால், அக்கா எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டியிருப்பார்.